ஸ்டீம் டெக்ல பிரிண்ட் எடுக்க விண்டோஸ் போடணுமா?

தம்பி, உங்க கேள்விய நான் விளங்கிக்கிட்டது இப்பிடித்தான். மாமா கட்டார்ல இருந்து வரும்போது கொண்டுவந்த ஸ்டீம் டெக்க, அதாவது வால்வ் கம்பனியோட கையில வச்சு விளையாடுற கேம் கொம்பியூட்டர, டிவியில மாட்டி, கீபோர்ட் மவுஸ் எல்லாம் போட்டு வீட்டு கொம்பியூட்டரா பாவிக்கிறீங்க. கேமும் அதுலதான், தங்கச்சியோட ஏ.எல். படிப்பும் அதுலதான். பழைய டெஸ்க்டொப்ல இருந்த கெனன் எல்பிபி 2900 பிரிண்டர கழட்டி டெக்ல குத்தினா ஒண்ணுமே நடக்கல, செட்டிங்ஸ்ல பிரிண்டர்ஸ்னு போனா பிரிண்ட் சேர்விஸோட கனெக்ட் பண்ண முடியலன்னு வருது. பழைய டெஸ்க்டொப்ல விண்டோஸ் 7 இருக்கு, அதுல பிரிண்டர் ஓடுது, ஆனா மெஷின் ஆமை வேகம். இப்ப கூட்டாளி ஒருத்தர் டெக்குக்கு விண்டோஸ் போடச் சொல்றார், போடவான்னு கேக்குறீங்க.

பிரிண்டுக்காக மட்டும்னா போடாதீங்க. அது ஏன்னு பிறகு சொல்றேன், முதல்ல டெக் ஏன் இப்பிடி பண்ணுதுன்னு தெரிஞ்சுக்கிட்டா எத செய்யலாம் எதுல நேரத்த வீணாக்கக் கூடாதுன்னு உங்களுக்கே புரியும்.

டெக்குக்குள்ள இருக்கிறது ஸ்டீம்ஓஎஸ் 3. அது ஆர்ச் லினக்ஸ் மேல வால்வ் கட்டினது, டெஸ்க்டொப் மோடுக்கு போனா தெரியிறது கேடிஇ பிளாஸ்மா. லினக்ஸ்ல பிரிண்ட் வேலைய பாக்கிறது கப்ஸ்னு ஒரு சேர்விஸ். 1999லயே வந்த சாமான், எப்பிள் மெக்ல பிரிண்ட் பண்ணுறதும் இதே கப்ஸ்தான், 2002ல இருந்து. நீங்க பிரிண்ட் பட்டன அமத்தினா அப்ளிகேஷன் நேரா பிரிண்டரோட கதைக்கிறதில்ல, கப்ஸ்கிட்ட குடுக்கும், கப்ஸ் அத பிரிண்டருக்கு விளங்கிற பாஷைக்கு மாத்தி வரிசையில போட்டு அனுப்பும். வழக்கமான லினக்ஸ் பெரும்பாலானதுல கப்ஸ் கூடவே வரும். டெக்க வால்வ் 2022 பெப்ரவரியில கேம் மெஷினா விட்டாங்க, பிரிண்டர நினைச்சு அத செய்யல. ஆனா கேடிஇயோட செட்டிங்ஸ் முழுசா வந்ததால பிரிண்டர்ஸ்ங்கிற பக்கமும் சேந்து வந்திருச்சு. கதவு இருக்கு, தட்டினா உள்ள ஆள் இல்ல, உங்களுக்கு வர்ற மெசேஜ் அதுதான்.

வால்வ திட்டுறவங்க நிறையப் பேர். எனக்கு பெரிய கோவம் இல்ல. பிரிண்ட் சேர்விஸ்ங்கிறது நெட்வேர்க்க பாத்துக்கிட்டே பின்னால ஓடுற சாமான், 2024 செப்டம்பர்ல கப்ஸ்-பிரவுஸ்ட்னு அதோட துணை புரோகிராம் ஒண்ணுல பெரிய ஓட்டை ஒண்ணு வெளிய வந்திச்சு, வெளிய இருந்து ஒருத்தன் போலி பிரிண்டர உங்க மெஷினுக்குள்ள சேத்து, நீங்க அதுக்கு பிரிண்ட் குடுத்தா அவனோட கமாண்ட் ஓடுற அளவுக்கு. பஸ்ஸுலயும் கடையிலயும் வைஃபையில கனெக்ட் ஆகிற ஒரு மெஷின்ல இதெல்லாம் தானா ஓட வேணாம்னு ஒருத்தர் நினைச்சா அதுல நியாயம் இருக்கு. ஆனா வேணும்ங்கிறவங்களுக்கு செட்டிங்ஸ்ல ஒரு பட்டன் வச்சிருக்கலாம், அத நானும் சொல்லுவேன்.

சரி, முதல்ல செக் பண்ணுங்க. டெஸ்க்டொப் மோடுல கொன்சோல்ங்கிற டெர்மினல திறந்து, சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் கப்ஸ்னு (இங்கிலீஷ் எழுத்துல, எல்லாம் சின்ன எழுத்து) அடிங்க. அப்பிடி ஒரு யூனிட்டே இல்லன்னு வந்தா கப்ஸ் உள்ள இல்ல. இருக்கு ஆனா நிறுத்தி வச்சிருக்குன்னு வந்தா உங்க வேல லேசு, அதே கமாண்ட்ல ஸ்டேட்டஸ்ங்கிற இடத்துல எனேபிள், அதுக்கு பின்னால ரெண்டு கோடு போட்டு நவ்னு சேத்து, முன்னால சூடோ (அட்மின் அதிகாரம் குடுக்கிற கமாண்ட்) போட்டு அடிச்சா சேர்விஸ் கிளம்பும். சூடோ வேல செய்ய முதல்ல பாஸ்வேர்ட் ஒண்ணு வைக்கணும், டெக்ல புதுசா வரும்போது பாஸ்வேர்டே இருக்காது, பாஸ்டபிள்யூடி கமாண்ட்ல வச்சிக்கோங்க. மறந்துராதீங்க அந்த பாஸ்வேர்ட.

இப்ப யூடியூப்ல பாதிப்பேர் காட்டுற வழி. ஸ்டீம்ஓஎஸ்ஸோட சிஸ்டம் பகுதி ரீட் ஒன்லி, அதாவது வாசிக்கலாம், எழுத ஏலாது. ஸ்டீம்ஓஎஸ்-ரீட்ஒன்லி டிஸேபிள்னு ஒரு கமாண்ட் குடுத்து பூட்ட திறந்துட்டு, பேக்மேன்-கீயில சாவிகள (இறக்குற புரோகிராம் அசலான்னு சரிபாக்கிறது) உண்டாக்கி, ஆர்ச், ஹோலோ ரெண்டு சாவிக் கொத்தையும் ஏத்திட்டு, பேக்மேன்ல, அதாவது ஆர்ச்ல புரோகிராம் போடுற கமாண்ட்ல, கப்ஸ இன்ஸ்டோல் பண்ணுறது. வேல செய்யும், பொய்யில்ல. அடுத்த அப்டேட் வரைக்கும். டெக்ல சிஸ்டத்துக்கு ரெண்டு பகுதி இருக்கு, ஒண்ணுல நீங்க ஓடிக்கிட்டு இருக்கும்போது அப்டேட் மத்ததுல முழுசா புதுசா எழுதப்படும், ரீஸ்டார்ட் பண்ணினா அந்தப் புதுசுக்கு மாறும், நீங்க பேக்மேன்ல போட்ட ஒண்ணும் அங்க இருக்காது. லயத்துக்கு வெள்ளையடிக்க வர்ற ஆள் செவுத்துல நம்ம ஒட்டி வச்ச காலண்டரையும் சேத்து அடிச்சிட்டு போற கணக்குத்தான். கேம் சேவ், டவுன்லோட், டொக்கியுமென்ட் எல்லாம் ஹோம்ங்கிற உங்க சொந்தப் பகுதியில இருக்கிறதால அதுக்கு ஒண்ணும் ஆகாது, சிஸ்டத்துல சேத்ததுதான் போகும்.

இதுல இன்னொரு கரைச்சல், அந்த சிஸ்டம் பகுதி ஒண்ணொண்ணும் 5 ஜிபிதான். அதுல ஏற்கனவே இடம் நெருக்கம். கப்ஸ், அதோட ஃபில்டர், கோஸ்ட்ஸ்கிரிப்ட், டிரைவர்னு சேக்கச் சேக்க நிறைஞ்சிரும், நிறைஞ்சா இன்ஸ்டோல் பாதியில நிக்கும். ஏர்பிரிண்ட் (டிரைவர் இல்லாமலே பிரிண்ட் பண்ணுற முறை) இருக்கிற வைஃபை பிரிண்டர் வச்சிருக்கிறவங்க அப்டேட்டுக்கு ஒருக்கா இத செய்ய தயார்னா செய்யட்டும், கமாண்டுகள ஒரு ஸ்கிரிப்டா எழுதி ஹோம் ஃபோல்டர்ல வச்சிட்டா அப்டேட்டுக்கு பிறகு டபிள் கிளிக்தான். உங்களுக்கு நான் இத சொல்லமாட்டேன், காரணம் உங்க பிரிண்டர்.

எல்பிபி 2900 நல்ல பிரிண்டர். நிமிஷத்துக்கு 12 ஏ4 பக்கம், டோனர் மலிவா கிடைக்குது, ரீஃபில் பண்ணி ரீஃபில் பண்ணி ஓட்டலாம், அதனாலதான் நம்ம பக்கம் கொமியூனிகேஷன்ல (ஃபோட்டோகொப்பி, பிரிண்ட் எடுக்கிற கடை), டியூஷன் சேர் வீட்டுல, எங்க பாத்தாலும் இது நிக்குது. ஆனா அதுக்கு சொந்த மூளை கம்மி. பெரிய ஒஃபிஸ் லேசர் பிரிண்டருக்கு போஸ்ட்ஸ்கிரிப்ட், பிசிஎல்னு பாஷைகள் தெரியும், பக்கத்த அனுப்பினா அதுவே வரைஞ்சுக்கும். 2900 அப்பிடி இல்ல, ஒரு பக்கத்துல எந்தப் புள்ளி கறுப்பு எது வெள்ளைன்னு முழுசா கொம்பியூட்டரே கணக்குப் போட்டு, கெனனோட கேப்ட்ங்கிற தனிப் பாஷையில சுருக்கி அனுப்பணும். அந்த பாஷை கெனன் டிரைவருக்கு தெரியும், கப்ஸுக்கு தானா தெரியாது. கெனன் லினக்ஸுக்கு கேப்ட் டிரைவர் ஒண்ணு விட்டிருக்கு, ஆனா பழசு, 32 பிட் லைப்ரரி எல்லாம் கேக்கும், அதுக்கு தனியா ஒரு சேர்விஸ் பின்னால ஓடணும், ஆர்ச் மாதிரி எப்பவும் மாறிக்கிட்டே இருக்கிற சிஸ்டத்துல அத நிக்க வைக்கிறது பெரும்பாடு. கேப்ட்டிரைவர்னு ஓப்பன் சோர்ஸ்ல ஒருத்தர் எழுதினது ஒண்ணும் இருக்கு, அது 2900ஐ வச்சே எழுதினது, அத கம்பைல் பண்ணணும். டெக்குல கப்ஸையும் போட்டு, இதையும் கம்பைல் பண்ணி, எல்லாத்தையும் அப்டேட்டுக்கு அப்டேட் திரும்பச் செய்யிறதுக்கு தங்கச்சி பேப்பர கையாலயே எழுதிக்கிட்டு போயிரலாம்.

எச்பி லேசர்ஜெட் 1018, 1020 வச்சிருக்கிறவங்களும் இத வாசிப்பீங்க, உங்க நிலைமையும் கிட்டத்தட்ட இதுதான். அதுக்கு ஒவ்வொரு தடவையும் சுவிட்ச் போட்டதும் கொம்பியூட்டர்ல இருந்து ஃபேர்ம்வெயார், அதாவது பிரிண்டருக்குள்ள ஓடுற புரோகிராம், அனுப்பணும், இல்லன்னா லைட் மட்டும் எரிஞ்சுக்கிட்டு சும்மா இருக்கும்.

அப்ப என்ன செய்யலாம். உங்க வீட்டுலயே விடை இருக்கு, ஒதுக்கி வச்ச டெஸ்க்டொப். அதுல பிரிண்டர் ஓடுதுன்னு நீங்களே சொல்றீங்க. ஸ்லோன்னு சொல்றது குரோம் திறந்து யூடியூப் பாக்கத்தான், ஒரு பிடிஎஃப திறந்து பிரிண்ட் குடுக்க அது போதும். டெக்ல எல்லா வேலையும் முடிச்சு பிடிஎஃபா சேவ் பண்ணுங்க, பென் டிரைவ்ல போட்டு டெஸ்க்டொப்ல குத்தி அடிங்க. ரொம்ப சாதாரண யோசனைதான், ஆனா இதுக்கு இன்ஸ்டோல் பண்ண ஒண்ணும் இல்ல, உடைய ஒண்ணும் இல்ல. விண்டோஸ் 7க்கு மைக்ரோசொஃப்ட் சப்போர்ட 2020 ஜனவரியோட நிறுத்திட்டதால அந்த மெஷின இன்டர்நெட்ல மட்டும் கனெக்ட் பண்ணாம வைங்க.

பென் போட்டு எடுக்கிறது அலுப்புன்னா, டெக்ல இருந்தே பிரிண்ட் பட்டன அமத்தினா பக்கத்து ரூம்ல பேப்பர் வரணும்னா, அதுக்கு ஒரு வழி இருக்கு, இதத்தான் நான் கூடுதலா விரும்புறது. டெக்குக்குள்ள கப்ஸ் ஓட வேண்டிய அவசியமே இல்ல. கப்ஸ் ஓடுற இன்னொரு மெஷின் வீட்டு நெட்வேர்க்ல இருந்து, டெக்ல இருக்கிற அப்ளிகேஷனுக்கு அதோட அட்ரஸ் தெரிஞ்சா போதும். அதோட டிரைவர், அந்தக் கேப்ட் கரைச்சல் எல்லாம் அந்த மெஷினோட நிக்கும், டெக்குக்கு எதுவும் தெரியவேண்டியதில்ல.

எப்பிடின்னா, பழைய டெஸ்க்டொப்ல லினக்ஸ் மின்ட் போடுங்க, 2 ஜிபி ரேம் இருந்தா பிரிண்ட் வேலைக்கு ஓடும், 4 இருந்தா நிம்மதி. விண்டோஸ் 7ஐ அழிக்க மனமில்லன்னா பக்கத்துல பக்கத்துல ரெண்டையும் வச்சுக்கலாம், இன்ஸ்டோலரே கேக்கும். மின்ட்ல கப்ஸ் வந்தே இருக்கும். அங்க கேப்ட் டிரைவர ஒருக்கா சரிக்கட்டி டெஸ்ட் பேஜ் எடுத்துருங்க, இந்த இடத்துலதான் ஒரு பின்னேரம் போகும், பொறுமையா செய்யுங்க. பிறகு அந்த மெஷின்ல பிரவுசர திறந்து லோக்கல்ஹோஸ்ட்னு அடிச்சு முக்காற்புள்ளிக்கு பிறகு 631 போட்டா கப்ஸோட பக்கம் வரும், எந்த லினக்ஸ்லயும் அந்த நம்பர்தான். அட்மினிஸ்ட்ரேஷன்ல போய் இந்த மெஷின்ல இருக்கிற பிரிண்டர்கள ஷெயார் பண்ணுங்கிற பெட்டிய டிக் பண்ணி சேவ் குடுங்க. இன்டர்நெட்ல இருந்தும் அனுமதிக்கவான்னு கீழ ஒரு பெட்டி இருக்கும், அத தொடவே தொடாதீங்க.

இப்ப டெக் பக்கம். டிஸ்கவர்ங்கிற ஆப் கடையில இருந்து லிப்ரே ஒஃபிஸும் ஃபயர்பொக்ஸும் போட்டிருப்பீங்க, ரெண்டும் ஃப்ளாட்பேக், அதாவது ஹோம் பக்கமே இருக்கிற தனிப் பொட்டலம், கப்ஸோட கதைக்கத் தேவையான லைப்ரரி அந்தப் பொட்டலத்தோடயே வருது. அதே டிஸ்கவர்ல ஃப்ளாட்சீல்னு ஒரு சின்ன ஆப் இருக்கு, அத போடுங்க. திறந்து இடது பக்கம் லிப்ரே ஒஃபிஸ தெரிவு செஞ்சு கீழ இறங்கிப் போனா என்வைரன்மென்ட்னு ஒரு பகுதி வரும், அங்க புதுசா ஒரு வரி சேத்து கப்ஸ், அண்டர்ஸ்கோர், சேர்வர்னு, இது எல்லாம் கெப்பிட்டல் எழுத்துல, பிறகு சமன் அடையாளம், பிறகு பழைய டெஸ்க்டொப்போட ஐபி அட்ரஸ், உதாரணமா 192.168.8.50, அதோட முக்காற்புள்ளி 631. இடையில ஸ்பேஸ் ஒண்ணும் வரக்கூடாது. நெட்வேர்க் பேர்மிஷன் ஓன்ல இருக்கான்னும் பாத்துக்கோங்க. லிப்ரே ஒஃபிஸ மூடித் திறந்து பிரிண்ட் குடுத்தா லிஸ்ட்ல 2900 நிக்கும். ஃபயர்பொக்ஸுக்கும் இதே வரிதான். இந்த செட்டிங் ஹோம்ல எழுதப்படுறதால அப்டேட் வந்தாலும் அப்பிடியே இருக்கும், ரீட் ஒன்லிய தொடவே இல்ல, பாஸ்வேர்ட் கூட தேவைப்படல பாருங்க.

இதுல நம்ம ஊர்ல வர்ற ஒரு பிரச்சின, ரவுட்டர். ஏப்ரல்லயும் ஒக்டோபர் நவம்பர்லயும் பின்னேரமானா இடி மின்னல்னு கரண்ட் போய்ப் போய் வரும், ரவுட்டர் ஓஃப் ஆகி ஓன் ஆனா டெஸ்க்டொப்புக்கு வேற ஐபி குடுத்திரும், நேத்து அடிச்ச பிரிண்டர் இன்னைக்கு காணோம்னு நிப்பீங்க. ரவுட்டரோட பக்கத்துக்குள்ள போய் டிஎச்சிபி பகுதியில (ஐபி குடுக்கிற இடம்) அந்த டெஸ்க்டொப்போட மெக் அட்ரஸுக்கு, அதாவது அதோட நெட்வேர்க் கார்டோட தனி அடையாள நம்பருக்கு, ஒரே ஐபிய ஒதுக்கி விட்டுருங்க. அப்பிடியே இடி விழுற நேரம் பிரிண்டர், ரவுட்டர் ரெண்டு வயரையும் கழட்டுங்க, டெலிபோன் லைன்ல வர்ற இன்டர்நெட்னா அந்த லைனையும் சேத்து.

டிஸ்ட்ரோபொக்ஸ்ங்கிற டூல்ல டெக்குக்குள்ளயே ஒரு கன்டெய்னர், அதாவது தனியா ஓடுற குட்டி லினக்ஸ் ஒண்ணு, செஞ்சு கப்ஸ போடலாமேன்னு சிலர் சொல்லுவாங்க. முடியும், ஹோம்லதான் இருக்கும், அப்டேட்டுக்கு அழியாது. ஆனா சாதாரண யூசரா ஓடுற கன்டெய்னருக்கு 631 மாதிரி சின்ன நம்பர் போர்ட் கிடைக்காது, நம்பர மாத்தணும், யூஎஸ்பிய உள்ள காட்டணும், ஒவ்வொரு தடவையும் கிளப்பி விடணும். லினக்ஸ்ல நோண்டுறது பொழுதுபோக்குன்னா நல்லா இருக்கும். ஏ.எல். பிள்ளைக்கு நாளைக்கு காலையில பேப்பர் வேணும்னா இது வேணாம்.

எந்த வழியில போனாலும் பிடிஎஃப் சரியா வரணும், அங்கதான் நிறையப் பேர் சறுக்குறாங்க. முதலாவது பேப்பர் சைஸ். டெக் அமெரிக்க செட்டிங்கோட வர்றதால லிப்ரே ஒஃபிஸ் புது டொக்கியுமென்ட லெட்டர் சைஸ்ல திறக்கும், அது 216க்கு 279 மில்லிமீட்டர், நம்ம ஏ4 210க்கு 297. பாக்க வித்தியாசம் தெரியாது, அடிச்சா ஓரம் வெட்டுப்படும், இல்லன்னா பேப்பர் சரியில்லன்னு பிரிண்டர் காத்துக்கிட்டே நிக்கும். லிப்ரே ஒஃபிஸ்ல டூல்ஸ், ஒப்ஷன்ஸ், லெங்குவேஜ்ல லொக்கேல இலங்கைக்கு மாத்திவிடுங்க, அதுக்கு பிறகு திறக்கிற புது டொக்கியுமென்ட் ஏ4ல வரும்.

ரெண்டாவது எழுத்து. தங்கச்சியோட சேர் அனுப்புற வேர்ட் ஃபைல டெக்ல திறந்தா தமிழுக்கு பதிலா இங்கிலீஷ் எழுத்தும் குறியும் கலந்து கிறுக்கலா வருதா? ஃபைல் பழுதில்ல. நம்ம நாட்டுல டீச்சர்மார் இன்னும் பாமினியில டைப் பண்ணுறாங்க, அது யூனிகோட் இல்ல, இங்கிலீஷ் எழுத்துக்கு மேல தமிழ் உருவத்த போர்த்தி வச்ச ஃபொன்ட், ஃபொன்ட் இல்லாத மெஷின்ல போர்வை கழண்டிரும். பாமினி ஃபொன்ட் ஃபைல ஹோம் ஃபோல்டர்ல, டொட் லோக்கல், ஷெயார், ஃபொன்ட்ஸ்ங்கிற ஃபோல்டருக்குள்ள (இல்லன்னா நீங்களே செஞ்சுக்கோங்க) கொப்பி பண்ணிட்டு லிப்ரே ஒஃபிஸ மூடித் திறங்க. ஃப்ளாட்பேக் ஆப்புகள் அந்த இடத்த பாக்கும், இதுவும் அப்டேட்டுக்கு தப்பும். லதா, நிர்மலா ஃபொன்ட்ல வந்த ஃபைல்னா எழுத்து தெரியும், ஆனா டெக்ல வேற ஃபொன்ட் போய் உக்காந்துக்கிறதால வரி நீளம் மாறி கேள்வி ஒரு பக்கம் விடைக்கோடு ஒரு பக்கம்னு போகும், லதாவ பழைய விண்டோஸ் 7ல இருந்து எடுத்து அதே இடத்துல போடுங்க, நிர்மலா விண்டோஸ் 8ல இருந்துதான் வருது, அத புது விண்டோஸ் இருக்கிற மெஷின்ல இருந்துதான் எடுக்கணும். சரியா வந்ததும் பிடிஎஃபா எக்ஸ்போர்ட் பண்ணிட்டீங்கன்னா எழுத்து உள்ளயே பதிஞ்சிரும், பிறகு எந்த மெஷின்ல திறந்தாலும் மாறாது. பரீட்சைத் திணைக்களத்தோட பாஸ்ட் பேப்பர் பிடிஎஃபாவே கிடைக்கிறதால அதுல இந்தக் கரைச்சல் இல்ல.

அவசரத்துக்கு டவுன்ல கொமியூனிகேஷன் இருக்கே. பிடிஎஃப பென்ல கொண்டுபோங்க, வேர்ட் ஃபைல கொண்டுபோகாதீங்க, அங்க என்ன ஃபொன்ட் இருக்கோ யாருக்கு தெரியும். பென் திரும்பி வரும்போது எல்லா ஃபைலும் ஷோர்ட்கட்டா மாறி வரலாம், கடையில நூறு பேர் பென் குத்துற மெஷின் அப்பிடித்தான். அத டெக்ல குத்திப் பாருங்க, விண்டோஸ் மறைச்சு காட்டுற உண்மையான ஃபைல் எல்லாம் டெக்கோட டொல்ஃபின்ங்கிற ஃபைல் மனேஜர்ல அப்பிடியே தெரியும், சில நேரம் பேரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள்ள கிடக்கும். தேவையானத எடுத்துட்டு பென்ன ஃபோர்மட் பண்ணிருங்க. டெக்குக்கு அந்த வைரஸால ஒண்ணும் ஆகாது, வீட்டு விண்டோஸ் 7ல மட்டும் அத அப்பிடியே கொண்டுபோய் குத்தாதீங்க.

பேப்பரப் பத்தி ஒரு சின்ன விஷயம். நீங்க தலவாக்கலைப் பக்கம், அங்க மழை தொடங்கினா துணி கூட நாலு நாள் காயாது, பேப்பர் மட்டும் எப்பிடி காயும். ஈரம் இழுத்த பேப்பர் லேசர் பிரிண்டரோட சூட்டுல போனா சுருளும், ரெண்டு மூணா சேந்து இழுபடும், அதுலயே மத்தப் பக்கம் அடிக்க திரும்பப் போட்டா கண்டிப்பா ஜேம். 2900ல தானா ரெண்டு பக்கம் அடிக்கிற வசதி இல்ல, ஒற்றைப் பக்கம் முதல்ல இரட்டைப் பக்கம் பிறகுன்னு கையாலதான் திருப்பணும், அதனால முதல் பக்கம் அடிச்சத கொஞ்ச நேரம் பாரமான புத்தகம் ஒண்ணுக்கு கீழ வச்சிட்டு திருப்புங்க. பேப்பர் கட்டப் பிரிச்சா மிச்சத்த பொலித்தீன்ல சுத்தி வைங்க, டிரேயில தேவையானது மட்டும். 2022 மார்ச்ல பேப்பர் இல்லாம மேல் மாகாணத்துல தவணைப் பரீட்சையவே தள்ளிப் போட்டாங்க, அந்த நேரம் பேப்பர் விலைய பாத்தவங்களுக்கு இத சொல்லத் தேவையில்ல.

இப்ப விண்டோஸ் கதைக்கு வாறேன். டெக்ல விண்டோஸ் ஓடும், டிரைவர்கள வால்வே குடுக்குது. ஆனா ரெண்டையும் ஒண்ணா வைக்க ஸ்டீம்ஓஎஸ் உங்களுக்கு உதவி பண்ணாது, பார்டிஷன நீங்களே பிரிக்கணும், பவர் பட்டன அமத்தி கேம தூங்க வச்சிட்டு பிறகு வந்து அதே இடத்துல இருந்து விளையாடுறீங்களே, அந்த சுகம் விண்டோஸ்ல அந்தளவுக்கு கிடைக்காது. உங்களுது 64 ஜிபி மொடல்னா ரெண்டு சிஸ்டத்துக்குமே இடம் நெருக்கம், கேம எங்க வைக்கிறது. எஸ்டி கார்ட்ல போடலாம், சரியான மந்தமா ஓடும், நீங்க ஒதுக்கி வச்ச டெஸ்க்டொப்பே பரவாயில்லன்னு தோணும். இவ்வளவையும் ஒரு மோடல் பேப்பர் அடிக்கவா செய்யப் போறீங்க.

யூஎஸ்பியில பிரிண்டர டெக்கோடயே மாட்டி பாக்கணும்னு ஆசைன்னா, ஒண்ணையும் அழிக்காம பாக்க வழி இருக்கு. லினக்ஸ் மின்ட்ட ஒரு பென்ல எழுதிக்கோங்க, டெக்க முழுசா ஓஃப் பண்ணி, வொல்யூம் குறைக்கிற பட்டன அமத்திக்கிட்டே பவர அமத்தினா எதுல இருந்து பூட் பண்ணுறதுன்னு கேக்கும், பென்ன தெரிவு செய்யுங்க. டெக்கோட ஸ்கிரீன் உண்மையில ஃபோன் மாதிரி நெட்டுக்குத்தான பெனல், அத படுக்க வச்சிருக்காங்க, அதனால படம் சரிஞ்சு வரலாம், டிவியில பாத்தா நேரா இருக்கும். டெக்ல இருக்கிறது ஒரே ஒரு டைப்-சி போர்ட், சார்ஜும் அதுலதான், அதனால சார்ஜ் உள்ள விடுற ஹப் வேணும், பென், பிரிண்டர், கீபோர்ட் எல்லாம் அதுக்குள்ள. சார்ஜ் விடாத மலிவு ஹப்ப வாங்கினா பிரிண்ட் முடியுறதுக்குள்ள பெட்டரி இறங்குறத பாத்துக்கிட்டு இருக்கணும்.

பிறகு ஒரு நாள் பிரிண்டரயே மாத்துற எண்ணம் வந்தா, வைஃபை இருக்கிறது மட்டும் போதாது. சில பிரிண்டர்ல வைஃபை இருக்கும் ஆனா கம்பனியோட சொந்த ஆப் இல்லாம அசையாது. பெட்டியில ஏர்பிரிண்ட்னு போட்டிருக்கான்னு பாருங்க, எப்பிள் 2010ல கொண்டுவந்தது, டிரைவர் இல்லாமலே பிரிண்ட் பண்ணுற முறை, கப்ஸும் அதே முறையில அந்தப் பிரிண்டரோட கதைக்கும், அப்ப கேப்ட் மாதிரி தனி டிரைவர் தேட வேண்டியதில்ல. அட்டன்லயோ நுவரெலியாவுலயோ கடைக்கு போனா வாங்க முன்னாடி பிரிண்டர கடை வைஃபையில போடச் சொல்லுங்க, யார்கிட்டயாவது ஐபோன் ஒண்ணு வாங்கி, ஆப் எதையும் இறக்காம, கேலரியில இருக்கிற ஒரு போட்டோவ பிரிண்ட் குடுத்துப் பாருங்க. வந்தா வாங்கலாம். ஆப் இறக்கினாத்தான் வரும்னு கடைக்காரர் சொன்னா அடுத்த மொடல காட்டச் சொல்லுங்க.